‘வெயிலுக்குப் பழகின கன்று’ என்று அத்தி ஒட்டுச்செடி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

வேலூர், காட்பாடி பக்கம் சீமை அத்தி ஒட்டுக்கன்று வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

பங்குனிக் கடைசியில் மொட்டை மாடிக்காக ஐந்து டயானா ரக சீமை அத்திக் கன்றுகள் வாங்கினேன். ஒன்று 450 ரூபாய். நாட்டு அத்தி வேர்ச்செடியின் மேல் ஒட்டியவை, அதாவது ஒட்டுக்குக் கீழே நாட்டு அத்தி, மேலே சீமை அத்தி. வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்கும் என்று இந்த ஒட்டுக்குக் கிராக்கி உண்டு. கையகல இலை, பளிச்சென்ற இளம்பச்சை. வெயில் தாங்குமா என்று கேட்டேன். “வேலூர் வெயில்ல வளந்த செடி சார், வேலூர் வெயில்ல காயுமா? நேரா மாடியில வைங்க” என்றார் கடைக்காரர். பதினைந்து நாள் கேரண்டி என்றும் வாயாலேயே சொன்னார். நம்பாமல் எப்படி இருப்பது, தொழிலே அதுதானே அவருக்கு.

மறுநாள் மத்தியானமே இலைகள் தொங்கிவிட்டன. அப்புறம் நரம்புகளுக்கு நடுவே வெளுத்து, பழுப்பாகி, தொட்டால் பொடியாக உதிர ஆரம்பித்தன. மேற்கு வெயில் பட்ட பக்கம் தண்டின் தோல் சுருங்கியிருந்தது. அத்தியை நகத்தால் லேசாகக் கீறினால் பால் வர வேண்டும். மூன்று கன்றுகளில் ஒட்டுக்கு மேலே ஒரு சொட்டுகூட வரவில்லை, உள்ளே பழுப்பு. ஒட்டுக்குக் கீழே கீறியதும் பால் கசிந்தது. வேர் உயிரோடு இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய பாகம் மட்டும் செத்துவிட்டது.

மூன்றையும் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க” என்றார். பிறகு அடித்தண்டில் விட்டிருந்த தளிரைக் காட்டி, “துளிர் வருது பாருங்க, செடி சாகலையே?” என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தளிர் ஒட்டுக்குக் கீழிருந்து வந்தது. இலை நீளவாக்கில், பிளவு இல்லாமல், வழுவழுப்பாக இருந்தது. அது நாட்டு அத்தி. சீமை அத்தி இலை விரல் விரித்த கை மாதிரி பிளந்து, தடவினால் சொரசொரவென்று இருக்கும். நாட்டு அத்தி எனக்கு எதற்கு, ஊரில் வாய்க்கால் ஓரம் தானாக முளைக்கிறது.

செடியை வண்டியில் ஏற்றித் தந்த பையன்தான் உண்மையைச் சொன்னான். முன்வரிசையைக் காட்டி, “இதெல்லாம் நேத்துதாண்ணா கூண்டுலேர்ந்து எடுத்து அடுக்குனோம். உங்களுதும் அப்படித்தான்.”

கூண்டு என்றால் பாலிதீன் மூடிய ஈரக் கூடாரம். ஒட்டு கூடும்வரை அதற்குள் வைப்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஈரத்தில் வந்த இலை மெல்லியது, மேலே மெழுகுப் பூச்சு குறைவு. வெளியே வந்ததும் இலை இழக்கும் தண்ணீரை, புதிதாகக் கூடிய ஒட்டு வழியாக வேரால் ஏற்றித்தர முடியாது. மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சில நாள் திறந்த நிழலில் வைத்து, அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று கூட்டி, ஐம்பது சதவீத நிழல்வலையில் நிறுத்தி, மத்தியான வெயிலைக் கடைசியாகக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் வேலை. அந்த வேலையைச் செய்யாமலே செய்ததாகச் சொல்லி விற்றதுதான் மோசடி. அதுவும் மொட்டைப் பாறை மலைகள் சூழ்ந்த இந்த ஊரில், மே முதல் வாரம் கத்திரி தொடங்குவதற்கு முன்பே 40 டிகிரியைத் தொடுகிற இடத்தில். மாடித் தளத்தின் சூட்டில் கறுப்புக் குரோ பேக்குக்குள் வேரும் வேகும்.

வாங்கப் போனால் மத்தியானம் போங்கள். சாயங்காலம் எல்லாச் செடியும் நிமிர்ந்துதான் நிற்கும். வெயிலில் நிற்கும் கன்றைக் காட்டச் சொல்லுங்கள். பழகிய இலை தடித்து, கரும்பச்சையாக இருக்கும், கணுக்கள் நெருங்கியிருக்கும். இலை மெலிந்து வெளிறி, கணு தள்ளித் தள்ளி இருந்தால் கூண்டுச் செடி. பேசாமல் மழை பிடித்த பிறகு வாங்குவதே நல்லது.

மிச்சமிருந்த இரண்டில் ஒட்டுக்கு மேலே பால் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் நிழலில் வைத்து, கீழ்த்தளிர்களைக் கிள்ளிவிட்டு, தண்டில் நீர்த்த சுண்ணாம்பு பூசியிருக்கிறேன். ஒன்றில் நுனிமொட்டு வீங்குகிறது.

பணம் திரும்ப வரவில்லை. அதே முன்வரிசையிலிருந்து இரண்டு கன்று தருகிறேன் என்றார், வேண்டாம் என்று வந்துவிட்டேன். கொடுத்ததும் பில் அல்ல, ‘அத்தி 5’ என்று எழுதிய துண்டுச்சீட்டு. ஜிபே விவரமும் போட்டோக்களும் கையில் இருப்பதால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் வாங்கும்போது பில்லில் ரகத்தின் பெயர், ‘ஒட்டு’, ‘வெயிலுக்குப் பழக்கியது’, கேரண்டி நாள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த நர்சரிக்குப் போய்விடுங்கள்.