கார் ஷெட்டில் தடுப்புச் சுவர்: செங்கலா, மரச் சட்டமா, ஜிஐ சேனலா?

மூட்டு வலியால் அப்பாவுக்கு மாடி ஏறுவது முடியாமல் போனதால், சேலத்தில் எங்கள் வீட்டு கார் ஷெட்டை நீளவாக்கில் தடுத்தோம். ஒரு பக்கம் அவருக்கு அறை, மறுபக்கம் நடையும் பைக் நிறுத்த இடமும். தடுப்புக்கு ஜிஐ சேனலில் (மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டம்) போர்டு அடித்தோம். மறுபடி செய்தாலும் அதைத்தான் செய்வேன். காரணம் சேனலைவிட அதன் அடியில் இருக்கிறது.

கொத்தனாரைக் கேட்டால் நாலரை இன்ச் செங்கல் சுவர்தான் என்பார். பலத்தில் அதை மிஞ்ச முடியாது, சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் இருபுறமும் பூசிய பிறகு சதுர அடிக்குச் சுமார் 25 கிலோ கனம். 9 அடி உயரத்துக்கு, நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் 200 கிலோவுக்கு மேல். ஷெட் தரை பெரும்பாலும் மண் நிரப்பி மேலே கான்கிரீட் போட்டதுதான், அடியில் பீம் கிடையாது. கார் நிற்கும் இடத்தில் சுவர் நிற்காதா என்பார்கள். கார் நகர்ந்துவிடும், சுவர் வருடக்கணக்கில் அதே கோட்டில் அழுத்தும். மண் இறங்கினால் விரிசல்தான். ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழி உள்ள லேசான கல்) பாதிக்கும் குறைவான கனம், ஆனாலும் பூச்சு, தண்ணீர், தூசி எல்லாம் உண்டு.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் சட்டம் போடலாம் என்றார் ஆசாரி. மரத்தில் திருகு பிடிக்கிற பிடியே தனி, அலமாரி மாட்ட அதுதான் சுகம். தேக்கு கட்டுப்படியாகாது; மலிவான மரம் என்றால் கரையான். ஷெட்டை ஒட்டி எங்களுக்குத் தோட்ட மண். போர்டுக்குள் மறைந்த சட்டத்தில் கரையான் ஏறினால், தட்டிப் பார்க்கும்வரை தெரியாது.

ஜிஐ சேனலும் ஜிப்சம் போர்டும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 2 கிலோ. (எவர்சில்வர் தகடு செய்கிற ஸ்டீல் பிளாண்ட் ஊர்க்காரர்கள் என்பதால் துருவே பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். இது துத்தநாகம் பூசிய தகடு. வெட்டிய முனையில் தண்ணீர் நின்றால் துரு வரும்.)

விஷயமே அடிப்பக்கம்தான். கழுவிய தண்ணீர் ஓட ஷெட் தரையை வாசல் பக்கம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். எங்களுடையது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 2 இன்ச் வாட்டம். தெருவில் ரோடு மேலே ரோடு போட்டு ஷெட் பள்ளமாகிவிட்டதால், ஐப்பசி மழையில் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நுழையும். ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் சேனலை நேராகத் தரையில் வைத்து ஸ்க்ரூ அடிக்கத்தான் பார்த்தார்கள். அப்படி விட்டால் சேனல் தண்ணீரில் நிற்கும், ஜிப்சம் ஈரத்தை உறிஞ்சி ஊதும்.

அதனால் முதலில் தரையைக் கொத்திவிட்டு, 4 இன்ச் அகலத்தில் கான்கிரீட் கரை போடச் சொன்னேன். உள்கோடியில் 6 இன்ச், வாசல் கோடியில் 8 இன்ச். ரசமட்டம் வைத்து மேல்பக்கத்தைச் சமமாக்கியதில் தரையின் வாட்டம் அதிலேயே அடங்கிவிட்டது. எல்லா ஸ்டட்டும் (நெட்டாக நிற்கும் சேனல்) ஒரே நீளத்தில் வெட்ட முடிந்தது. கரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதன்மேல் சேனல். 2 அடிக்கு ஒரு ஸ்டட்டு, கதவு நிலைக்கு இரண்டு பக்கமும் உள்ளே மர ரீப்பர். போர்டை கரையிலிருந்து அரை இன்ச் தூக்கி அடித்தார்கள். பைக் ஹேண்டில் இடிக்கும் பக்கம் 8 மி.மீ. சிமென்ட் போர்டு, அறைப் பக்கம் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் பச்சை ஜிப்சம்.

டிவி, அலமாரி எங்கே என்று போர்டு மூடும் முன்பே முடிவு செய்து பின்னால் பிளைவுட் பட்டை வைத்துவிடுங்கள். சத்தம் குறையட்டும் என்று உள்ளே ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) வைத்தோம். பேச்சு கேட்பதில்லை, பைக் ஸ்டார்ட் செய்தால் கேட்கிறது. கரை போட்ட பிறகு வந்த மழையில் போர்டில் ஈரம் ஏறவில்லை. ஆனால் பல மழைக்காலம் பார்த்த சுவர் இல்லை இது. ஏற்காட்டில், வருடத்தில் பாதி நாள் பனி மூட்டத்தில் இருக்கும் வீடு என்றால் இரண்டு பக்கமும் சிமென்ட் போர்டுதான் போடுவேன். அங்கே நான் செய்து பார்த்ததில்லை, யோசனைதான்.

நாளைக்கு வீட்டை வாங்குகிறவர் கார் நிறுத்த ஷெட் வேண்டும் என்றால் போர்டையும் சேனலையும் கழற்றிவிடலாம். கரையை மட்டும் உடைக்க வேண்டியிருக்கும்.