கலப்புக் கல்லீரல் புற்று: ஸ்கேன் போதுமா, பயாப்ஸி வேண்டுமா?

தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் மும்பை பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணாச்சி, ஊசி குத்துனா பரவிரும்னு சொல்லுதாவளே, ஸ்கேன் மட்டும் பத்தாதா?"

வழக்கமான கல்லீரல் புற்றான ஹெச்சிசி என்றால் பெரும்பாலும் போதும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவருக்குச் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போது கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள திசுவைவிட மங்கினால், பயாப்ஸி (ஊசியால் கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம். கலப்புப் புற்றில் சிக்கலே இங்குதான். ஒரே கட்டிக்குள் ஹெச்சிசியும் பித்தநாளப் புற்றும் சேர்ந்திருக்கும். எந்தப் பகுதி மிகுதியோ அதையே ஸ்கேன் காட்டும். அரிய நோய் என்பதால் சந்தேகமும் எளிதில் வராது.

சந்தேகம் வரவேண்டிய இடம் ஒன்று உண்டு. ரத்தத்தில் ஹெச்சிசியின் அடையாளமான ஏஎஃப்பி எகிறியிருக்கிறது, ஸ்கேனிலோ பித்தநாளப் புற்றைப் போல ஓரம் மட்டும் வளையமாக மின்னுகிறது. அல்லது ஸ்கேன் ஹெச்சிசி என்கிறது, ரத்தத்திலோ பித்தநாளப் புற்றின் அடையாளமான சிஏ 19-9 ஏறியிருக்கிறது. இப்படி முரண்பட்டால் பயாப்ஸி கேளுங்கள். (மஞ்சள் காமாலை இருந்தாலும் சிஏ 19-9 ஏறும்; அதையும் பார்க்கவேண்டும்.)

ஊசிப் பாதையில் புற்று பரவும் ஆபத்து உண்மைதான், ஆனால் சிறியது: ஹெச்சிசி பயாப்ஸி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சுமார் 2.7%. என்னைக் கேட்டால், ஊசியின் பெரிய குறை வேறு. அது ஒரு மூலையில் மட்டும் எடுத்தால் மற்ற பாதி தப்பிவிடும். அதனால் தோற்றம் மாறுபடும் இடங்களிலிருந்து தனித்தனியே எடுக்கச் சொல்வது நல்லது. அறுவைசிகிச்சை உறுதி என்றால் பயாப்ஸியைத் தவிர்க்கலாம். வெட்டியெடுத்த முழுக் கட்டியே விடை சொல்லும்.

2019 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரண ஸ்லைடிலேயே இரண்டு வகையும் கண்ணுக்குத் தெரியவேண்டும். சிறப்புச் சாயச் சோதனைகள் துணைக்குத்தான். வேறு ஊரில் பயாப்ஸி எடுத்தவர்கள் ஸ்லைடோடு, எடுத்த திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள், வெயில் படாமல். பிளாக் இருந்தால்தான் புதிதாகச் சீவிப் பார்க்கவும் மரபணுச் சோதனை செய்யவும் முடியும்.

சிகிச்சையில் அறுவைக்கே முதலிடம். பித்தநாளப் பகுதி நெறிகட்டிக்குப் பரவக்கூடியது என்பதால் அந்த நெறிகட்டிகளையும் எடுப்பது உண்டு. கல்லீரல் மாற்றைப் பல மையங்கள் தயங்கியே பார்க்கின்றன. ஹெச்சிசியைவிட இதில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

அறுவை முடியாதவர்களுக்கு எந்த மருந்து என்பதில்தான் உண்மையான போட்டி. இரு பக்கமும் மற்றப் புற்றுகளிலிருந்து வாங்கிய இரவல் மருந்துகளே. பித்தநாளப் பக்கத்திலிருந்து ஜெம்சைட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள்: 2010இல் ஏபிசி-02 ஆய்வில் பித்தநாளப் புற்று நோயாளிகளின் இடைநிலை (மீடியன்) ஆயுள், ஜெம்சைட்டபின் மட்டும் கொடுத்தபோது 8.1 மாதம், இரண்டும் சேர்ந்தபோது 11.7 மாதம். ஹெச்சிசி பக்கத்திலிருந்து நோயெதிர்ப்பைத் தூண்டும் அட்டிசோலிசுமாபும், கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாபும். கலப்புப் புற்றில் நடந்த சிறு ஆய்வுகளில் ஹெச்சிசி மாத்திரையான சோராஃபெனிபைத் தனியே கொடுத்ததைவிட சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் கீமோவே மேலாக இருந்திருப்பதால், என் சாய்வு கீமோ பக்கம்தான். ஆனால் சிறுநீரகம் பலவீனமென்றால் சிஸ்பிளாட்டின் கடினம். பெவாசிசுமாப் ரத்தக்கசிவைத் தூண்டும். சிரோசிஸ்காரர்களுக்கு முதல் டோஸுக்கு முன்பே எண்டோஸ்கோபி செய்து உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீக்கம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.