டயாலிசிஸ் போதுமானதா என்று அளந்து பார்க்கும் ஒரு மையம்

அப்பாவின் டயாலிசிஸுக்காக மதுரையில் உள்ள இந்த மையத்துக்கு மாறி ஓராண்டு ஆகிறது. படுக்கை, சுத்தம், செவிலியர்களின் கனிவு எதிலும் குறையில்லை. ஆயினும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், செய்த சிகிச்சை போதுமானதா என்று மாதந்தோறும் அளந்து பார்ப்பதுதான்.

முன்பு சென்ற இடத்தில் மூன்றரை மணி நேரத்தில் ஊசியைக் கழற்றிவிடுவார்கள். எந்தக் கணக்கும் சொன்னதில்லை. இங்கு முதல் வாரத்தில் அதே நேரத்துக்கு, அதே வேகத்தில் செய்து பார்த்தபோது, ரத்தத்தில் சேரும் கழிவான யூரியா 150இலிருந்து 60க்கு, அதாவது 60 சதவீதம் மட்டுமே இறங்கியிருந்தது. குறைந்தது 65 சதவீதமாவது இறங்க வேண்டும். ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் யூரியாவை நீக்கும் வேகத்தைச் சிகிச்சை நேரத்தால் பெருக்கி, உடலில் யூரியா பரவியிருக்கும் நீரின் அளவால் வகுத்தால் கிடைக்கும் 'கேடி/வி' என்ற எண் 1.12 ஆக இருந்தது. வாரம் மூன்று முறை செய்பவருக்கு அது 1.2க்குக் கீழே போகக் கூடாது, 1.4ஐ இலக்காகக் கொள்ள வேண்டும் என்று விளக்கிய மருத்துவர், நேரத்தை 4 மணியாகவும், ரத்த பம்பின் வேகத்தை நிமிடத்துக்கு 250 மி.லி.யிலிருந்து 300 ஆகவும் உயர்த்தினார். அடுத்த மாதம் யூரியா 140இலிருந்து 42க்கு இறங்கியது; கேடி/வி 1.44.

ரத்தம் எடுக்கும் முறையில் இவர்கள் காட்டும் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. சிகிச்சை முடிந்ததும் பம்பை நிமிடத்துக்கு 100 மி.லி.க்குக் குறைத்து, 15 விநாடி பொறுத்த பின்பே மாதிரி எடுக்கிறார்கள். ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவில், சுத்திகரித்த ரத்தமே மீண்டும் குழாய்க்குள் சுற்றி வந்தால், முழு வேகத்தில் எடுத்த மாதிரியில் யூரியா உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். எண் அழகாக இருக்கும், நோயாளியோ சோர்ந்து கிடப்பார். இயந்திரத் திரையிலும் ஒரு கேடி/வி ஓடுகிறது. டயாலிசிஸ் திரவத்தின் மின்கடத்தும் திறன் உள்ளே செல்லும்போதும் வெளியே வரும்போதும் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. இடையில் ரத்த ஓட்டம் குறைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் என்றாலும், ரத்தப் பரிசோதனைக்கு அதை மாற்றாக இவர்கள் கொள்வதில்லை.

குறை ஒன்று உண்டு. வாரம் இருமுறை மட்டும் வருபவர்களுக்கும் 1.2 வந்தால் போதும் என்று டெக்னீஷியன்கள் சொல்லிவிடுகிறார்கள். சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோனவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வாரம் இருமுறை வருபவர்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் நேரில் கேட்டிருக்கிறேன்.