செய்துகாட்டாத ஆசிரியர்: ஃபெல்டன்கிரைஸ் ஒலிப்பாடங்கள் - ஒரு மதிப்புரை

சிறிய, மெதுவான அசைவுகளைச் செய்து உடல் அசையும் விதத்தைக் கவனிக்கப் பழக்கும் ஃபெல்டன்கிரைஸ் முறையின் பாடங்களை ஒலிப்பதிவுகளாக வழங்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். உடற்பயிற்சிக் காணொளிகளுக்குப் பழகியவர்கள் குறையாகக் கருதக்கூடிய ஒன்றே இதன் பெரும் பலம்: இதில் எவரும் எதையும் செய்துகாட்டுவதில்லை. பார்த்துச் செய்வதற்கு ஓர் உருவம் இல்லாததால், தரையில் படுத்தபடி குரலை மட்டும் கேட்பவர் தம் உடல் என்ன செய்கிறது என்பதைத் தாமே கவனித்தாக வேண்டியிருக்கிறது.

இம்முறையை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) பொறியியலும் இயற்பியலும் கற்றவர், ஜூடோ வல்லுநர். தம் முழங்கால் காயத்தைச் சமாளிக்கும் முயற்சியில், தாம் எப்படி அசைகிறோம் என்பதையே அவர் ஆராயத் தொடங்கினார். அசைவுகள் சிறியவையாகவும் மெதுவானவையாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. வலிந்து முயலும்போது நுண்ணிய வேறுபாடுகள் புலப்படுவதில்லை. முயற்சி குறையும்போதுதான் அவை தெரியவருகின்றன.

'இடுப்புக் கடிகாரம்' என்ற பாடத்தில் இது தெளிவாக விளங்குகிறது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பின் பின்புறத்தில் ஒரு கடிகார முகப்பு இருப்பதாக எண்ண வேண்டும். தொப்புள் பக்கம் பன்னிரண்டு மணி, வால் எலும்பின் பக்கம் ஆறு மணி. இடுப்பின் பாரத்தை ஒவ்வொரு மணியாக உருட்டிச் செல்லும்போது, ஒரு பக்கத்தில் சீராக உருளும் இடுப்பு மறுபக்கத்தில் இரண்டு மணிகளைத் தாவிவிடுவதும், அந்த இடத்தில் மூச்சு நின்று தாடை இறுகுவதும் எனக்குத் தெரிந்தன. இடுப்பை அசைக்கத் தாடை எதற்கு? நாற்காலியிலிருந்து எழும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் அதே இறுக்கம் வருவதை இப்போது அவ்வப்போது கண்டுகொள்கிறேன். "சரியாகச் செய்யுங்கள்" என்று குரல் ஒருபோதும் அதட்டுவதில்லை என்பதையும் பாராட்ட வேண்டும்.

வியர்க்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. நோய்க்கு மருந்தாகவும் இதை நாடக்கூடாது. இயற்கைச் சிகிச்சைகளை மதிப்பிட்டு 2015இல் வெளியான ஆஸ்திரேலிய அரசின் அறிக்கை, இம்முறையின் பலனுக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றே கூறியது. தீராத வலி உள்ளவர்கள் மருத்துவரை முதலில் பார்ப்பதே முறை.

பதிவுகளில் ஓய்வுக்கான இடைவெளிகள் சில இடங்களில் போதவில்லை. எல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பது அதைவிடப் பெரிய குறை. கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டுமே பின்பற்ற வேண்டிய இப்பாடங்களை, பயிற்சி பெற்ற ஒருவர் நிதானமான தமிழில் பதிவுசெய்தால், ஆங்கிலம் அறியாத என் தாயாருக்கே முதலில் வாங்கித் தருவேன்.