கிளாஸ் 2 சாக்ஸும் என் இடது காலும்

பட்டு செக்‌ஷனில் என்னோடு நின்ற தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். “அண்ணே, உள்கணுக்கால் பக்கம் கறுத்துப்போயி அரிப்பு தாங்கல. டாக்டர் காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் எழுதிக் குடுத்திருக்காரு. அத வாங்குறதா, இல்ல நேரா நரம்ப அடைக்கிற லேசருக்கே போயிரவா?” என்றார். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் நிற்கிறவர்களில் காலில் நரம்பு, அதாவது ரத்தக்குழாய், சுருட்டிக்கொண்டவர்கள் (வெரிகோஸ் வெயின்) நிறையப் பேர். ஆளாளுக்குப் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நல்லது.

அவருக்கு வந்திருப்பது கறுப்பும் அரிப்பும். எனக்கு வந்தது அதற்கு அடுத்த கட்டம். இடது உள்கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் தொடங்கி உள்ளங்கை அகலத்துக்குப் பரவிய புண். மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, ஒருவழியாக மூடி, சில வருடங்களாகத் திறக்காமல் இருக்கிறது. திறக்காமல் இருப்பதற்கு இந்த சாக்ஸ்தான் காரணம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருநாள்கூட அதைத் திட்டாமல் போட்டதில்லை.

நான் போடுவது முழங்காலுக்குக் கீழே நிற்கிற, விரல் பக்கம் திறந்த வகை. கிளாஸ் 2, அழுத்தம் 23 முதல் 32 மி.மீ. (ரத்த அழுத்தம் அளக்கிற அதே பாதரசக் கணக்கு). வாங்கும்போது கிளாஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது ஜெர்மன் கணக்கு. பிரிட்டிஷ் கணக்கில் அதே கிளாஸ் 2 என்றால் 18 முதல் 24 தான். டப்பாவில் மி.மீ. எண் போட்டிருக்கும், டாக்டர் எழுதிய எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணே போடாத சாக்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புண் ஏன் ஆறுவதில்லை என்பது புரிந்தால்தான் இந்தச் சனியனை ஏன் மாட்டுகிறோம் என்பது புரியும். காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது பெரும்பாலும் ஆடுசதையின் வேலை. நடக்கும்போது அது சுருங்கிப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போய்விட்டால் ஏற்றிய தண்ணீர் எல்லாம் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும் இல்லையா, அந்தக் கதைதான். கணுக்காலில் எந்நேரமும் அழுத்தம். சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றில் இருக்கிற இரும்பு தோலில் படிந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. பிறகு தோல் கெட்டியாகி, கொசு கடித்துச் சொறிந்த இடம்கூடப் புண்ணாகி நிற்கும். அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே எதைத் தடவினாலும் ஆறாது. ஆகவே வெளியிலிருந்து இறுக்கிக் கட்டுவதுதான் வைத்தியம், மற்றதெல்லாம் துணைக்குத்தான்.

தடவுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆன்டிபயாடிக் க்ரீம்களில் நியோமைசின் வகை கலந்திருந்தால், இந்த மாதிரிக் கால் புண் உள்ளவர்களுக்கு அலர்ஜி வருவது சகஜம். புண்ணைச் சுற்றிச் சிவந்து, நீர் வடிந்து, புண் பெருத்துவிட்டது என்று பயந்து இன்னும் கொஞ்சம் தடவுவார்கள். புண்ணில் சீழும் சூடும் காய்ச்சலும் இல்லாதபோது ஆன்டிபயாடிக் மாத்திரையாலும் பெரிய பயன் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள்.

சாக்ஸுக்கு முன்னால் கட்டு. எனக்குப் போட்டது நாலடுக்குக் கட்டு. லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980களில் உருவாக்கிய முறை. அடியில் பஞ்சு, அதன் மேல் கிரேப், அதன் மேல் எலாஸ்டிக், கடைசியில் தன்மேலேயே ஒட்டிக்கொள்கிற பேண்டேஜ். கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம் இருந்து, மேலே போகப் போகக் குறைய வேண்டும். எனக்குக் கட்டிய சிஸ்டர் கெட்டிக்காரர். பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தச் சொல்வார். விரல் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலைப் பெருக்கல் குறி போட்டுச் சுற்றி மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியில் ஏறும்படி கட்டிக்கொண்டே போவார். கண் அளவுதான், ஆனால் கோடு போட்டது போல வரும். அவர் லீவில் இருந்த வாரம் வீட்டுப் பக்கம் ஒரு கிளினிக்கில் கட்டிக்கொண்டேன். அங்கே இருந்தவர் புண் இருந்த இடத்தில் மட்டும் இறுக்கி முடிந்துவிட்டார். மறுநாள் பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பொருள் ஒன்றுதான். கட்டுகிற கைதான் வித்தியாசம்.

அந்த வாரங்களில் வருகிற வாடையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. புடவை எடுக்க வந்தவர்கள் என் பக்கம் நிற்காமல் அடுத்த கவுண்டருக்கு நகர்ந்தது தெரிந்தது.

சரி, சாக்ஸுக்கு வருகிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே போடு என்பார்கள். இறங்கி நின்றால் கால் வீங்கத் தொடங்கிவிடும், அதனால். சரியான யோசனைதான். ஆனால் எழுந்ததும் குளிப்பது நம் ஊர் வழக்கம். ஈரக் காலில் இது ஒரு அங்குலம்கூட ஏறாது. துடைத்து, ஃபேனுக்கு அடியில் காலைத் தூக்கி வைத்துக் காய வைத்து, அதற்குள் வியர்த்து, மறுபடி துடைத்து... சித்திரையில் மதுரையில் இது நடக்கிற காரியமா? கடைசியில் குளியலை இரவுக்கு மாற்றினேன். அமாவாசை அன்று வீட்டில் சண்டை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் போச்சு, எண்ணெய் பட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும். தோல் வறளாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவதானால் இரவு சாக்ஸைக் கழற்றிய பிறகுதான்.

மாட்டுவதற்கு முறை இருக்கிறது. கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்புறம் வெளியே வருகிற மாதிரி புரட்ட வேண்டும். பாதத்தை நுழைத்து, குதிகால் பை சரியாகக் குதிகாலில் உட்கார்ந்த பிறகுதான் மேலே ஏற்ற வேண்டும். நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் மேலே வந்துவிடும், கணுக்காலில் மட்டும் துணி சேர்ந்து மடிப்பு நிற்கும். அந்த மடிப்பு ஆறிய புண்ணின் மெல்லிய தோலில் நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருக்கும். மேலே மிச்சம் இருந்தால் சுருட்டி விடவும் கூடாது. இரண்டு மடிப்பு சேர்ந்தால் அந்த இடத்தில் கயிறு கட்டியது போல இறுகிப் பாதம் வீங்கும்.

உதவியது இரண்டு பொருள். ஒன்று, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கிளவுஸ். அதைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையால் நீவி நீவி ஏற்றினால் பிடிமானமும் கிடைக்கும், நகம் பட்டு நூலும் இழுக்காது. இன்னொன்று, வழவழப்பான பிளாஸ்டிக் கவர். முதலில் பாதத்தில் அதை மாட்டி, அதன் மேல் சாக்ஸை வழுக்க விட்டு, பிறகு விரல் பக்கத் திறப்பு வழியாகக் கவரை உருவிவிடலாம். இதற்கென்றே கம்பியில் செய்த ஸ்டாண்ட் விற்கிறது. என்னைவிட வயசானவர்களுக்கும், குனிய முடியாத இடுப்புக்காரர்களுக்கும் அது வேண்டியிருக்கும். பெண்கள் மெட்டியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், மாட்டினால் ஒரே இழையில் சாக்ஸ் காலி.

இத்தனைக்கும் பிறகு என் வீட்டுக்காரிதான் பாதி நாள் இழுத்துவிடுகிறாள். தனியாக இருக்கிற ஒரு வயசான ஆள் இதை எப்படிப் போடுவார் என்று வடிவமைத்தவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. பி.ஃபார்ம் படிக்கிற என் மகள் ஒரு ஆய்வைக் காட்டினாள். வீனஸ் 4 என்று பெயர், 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிரிட்டனில் ஒரு சாராருக்கு நாலடுக்குக் கட்டு, இன்னொரு சாராருக்கு இரண்டடுக்கு அழுத்தக் காலுறை. புண் ஆற எடுத்தது கட்டில் 98 நாள், காலுறையில் 99 நாள். கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆறிய பிறகு புண் திரும்புவதும் காலுறைக்காரர்களிடம் குறைவு. ஆனால் கொடுத்ததை நடுவில் விட்டுவிட்டு வேறு சிகிச்சைக்கு மாறியவர்கள் காலுறைப் பக்கம்தான் அதிகம். அதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! குளிர் நாட்டுக்காரனாலேயே முடியவில்லை, நான் எம்மாத்திரம்.

இப்போது நல்லதைச் சொல்கிறேன், எதிர்பார்க்காத நல்லது. அரிப்பு நின்றுவிட்டது. புண் வலித்ததைவிட அந்த அரிப்புதான் என்னை வதைத்தது. ராத்திரி தூக்கத்தில் சொறிந்து விரித்துவிடுவேன், காலையில் போர்வையில் ரத்தம் இருக்கும். சாக்ஸ் போடத் தொடங்கிச் சில வாரங்களில் அது அடங்கியது. வீக்கம் வடிந்தால் அரிப்பும் வடியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீக்கத்துக்காகப் போட்டேன், தூக்கம் கிடைத்தது. தீபாவளி சீசனில் இரவு பதினொரு மணிக்குக் கடை அடைக்கும்போதுகூட இடது கால் லேசாக இருக்கிறது. சாக்ஸ் போடாத வலது கால்தான் கனக்கிறது.

விலை ஒரு ஜோடி இரண்டாயிரத்துச் சொச்சம். இதில் ஒரு லாபம் உண்டு. இடது வலது என்று பேதம் இல்லாததால், ஒரு கால்காரனுக்கு ஒரு ஜோடி என்பது இரண்டு. ஒன்று காலில், ஒன்று கொடியில். மென்மையான சோப்பில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் அழுத்தம் போய்விடும், கிழியாவிட்டாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். பட்டு செக்‌ஷனில் செருப்பில்லாமல் நிற்பதால் எனக்குக் குதிகால் பக்கம் அதற்கு முன்பே நைந்துவிடுகிறது. நிறம் இன்னொரு எரிச்சல். தோல் நிறம் என்று விற்கிறார்கள். வேட்டிக்குக் கீழே ஒரு கால் என்னுடையது, இன்னொரு கால் வெள்ளைக்காரனுடையது. கறுப்பு நிறம் கேட்டால் என் அளவில் இருப்பில் இல்லை என்பதே பதில்.

அப்புறம் அந்த லேசர் கேள்வி. இதுவா அதுவா என்று கேட்பதே சரியில்லை, இரண்டும் சேர்ந்துதான். பிரிட்டனில் 450 பேரை வைத்து நடந்த எவ்ரா ஆய்வு 2018-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பாதிக்கு இரண்டு வாரத்துக்குள் பழுதான நரம்பை அடைத்தார்கள், மறுபாதிக்குப் புண் ஆறிய பிறகோ ஆறு மாதம் கழித்தோ. முதல் பாதியில் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள், இரண்டாவதில் 82 நாள். அதற்கு முன்பே 2004-ல் வந்த எஸ்கார் ஆய்வில், கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்பியது, அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் 12 சதவீதம்தான். ஆகவே ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் தோலை ஒட்டி ஓடுகிற மேல் நரம்பு பழுது என்று வந்தால் லேசரைத் தள்ளிப்போடாதீர்கள். நானும் செய்துகொண்டேன். ஆனால் எனக்கு ஆழ நரம்பிலும் வால்வு ஒழுகுகிறது, அதை லேசரால் அடைக்க முடியாது. அதனால் சாக்ஸ் தொடர்கிறது. ‘லேசர் செய்தால் சாக்ஸே வேண்டாம்’ என்கிற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை அவசியம். காலுக்கு இறங்குகிற தமனி ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.8-க்குக் கீழே வந்தால் டாக்டர் சொல்லாமல் இறுக்கமான சாக்ஸ் கூடாது, வருகிற கொஞ்ச ரத்தமும் தடைபட்டுவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டித்துப்போய் இந்த எண் பொய்யாக அதிகம் காட்டும், அவர்கள் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் கவனம். மூன்று மாதம் முறையாகக் கட்டியும் ஆறாத புண்ணில் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள், பழைய புண்ணில் அரிதாகப் புற்று வருவது உண்டு.

நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளா 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. எங்கள் கவுண்டருக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதன் மேல் எப்போதும் விரித்த புடவை குவிந்து கிடக்கும். அதை மடித்து முடிப்பதற்குள் அடுத்த பார்ட்டி வந்துவிடும். உட்கார முடியாதவர்கள் நின்ற இடத்திலேயே குதிகாலை ஏற்றி இறக்குங்கள், ஆடுசதைக்கு அது போதுமான வேலை. கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது.

மதிப்பெண் கேட்பீர்கள். என் புண்ணை மூடி வைத்திருக்கிறது, தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது, எனக்கு மாற்றுப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஐந்துக்கு இரண்டரை. அந்த அரையும் இன்று காலை குதிகால் முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்ததற்காக.