வாரமா, இரு வாரமா, ஆண்டா? மாணவர் வேலைநேரத்தை எண்ணும் விதங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் வெளிநாட்டு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் தேர்வு. 10 மணி நேரம்தான் வேலைக்கு வர முடிந்தது. இரண்டாம் வாரம் தேர்வு முடிந்துவிட்டது, திரும்பி வந்த நூல்களும் மலையாய்க் குவிந்துவிட்டன; 30 மணி நேரம் உழைத்தாள். மூன்றாம் வாரம் 12, நான்காம் வாரம் 28. மொத்தம் 80. வாரச் சராசரி சரியாக 20. வெளிநாட்டு மாணவர் எவ்வளவு நேரம் வேலை பார்க்கலாம் என்று நாடுகள் வைத்திருக்கும் விதியை இவள் மீறினாளா?

பிரிட்டனில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் இருந்தால் இரண்டு முறை மீறிவிட்டாள். அமெரிக்காவின் எஃப்-1 என்ற மாணவர் விசாவிலும் அதே தீர்ப்புதான். ஆஸ்திரேலியாவில் ஒரு குற்றமும் இல்லை. பிரான்சில் அவளது ஆண்டுக் கணக்கிலிருந்து 80 மணி கழியும், அவ்வளவுதான். கனடாவில் அந்த நூலகம் அவள் படிக்கும் வளாகத்துக்குள் இருந்தால் குடியேற்ற விதி மணிக்கணக்கே கேட்காது. வளாகத்துக்கு வெளியே என்றால் வாரத்துக்கு 24 மணி நேர வரம்பு குறுக்கே வந்து நிற்கும்.

உழைப்பு ஒன்றுதான், ஆனால் தீர்ப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. மாணவர் வேலைநேரம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 20 போதுமா, 25 ஆக்கலாமா என்று எண்ணைப் பிடித்துக்கொண்டே சண்டை நடக்கிறது. அந்த எண்ணை எந்தக் கால அளவுக்குள் அடக்குகிறோம் என்பதுதான் மாணவரின் வாழ்க்கையை அதிகம் பாதிக்கிறது என்பது என் எண்ணம்.

வாரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். பிரிட்டனில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரையிலான ஏழு நாள். பட்டப்படிப்புக்கு 20 மணி நேரம், அதற்குக் கீழ்ப்பட்ட படிப்புகளுக்கு 10. சராசரி பார்ப்பதில்லை; இந்த வாரம் விட்டதை அடுத்த வாரம் பிடிக்க முடியாது. இதன் பெரிய பலம் எளிமை. மேற்பார்வையாளர், சம்பளப் பிரிவு, மாணவர் என மூவருக்கும் ஒரே பார்வையில் புரியும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது: தேர்வும் ஒப்படைப்பும் வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டுக்கொண்டு வருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கடுமையாகத் தெரியும் இந்த விதி ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் மிகவும் தாராளமானது. பாடக்காலம் 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் அதில் 600 மணி. விடுமுறையில் முழுநேரம் வேலை பார்க்கலாம். 20 வாரம், வாரத்துக்கு 40 என்றால் இன்னும் 800. ஆக 1,400. பிரான்சின் ஆண்டு வரம்பு 964 மணி, அதாவது சட்டப்படியான ஆண்டு வேலைநேரமான 1,607 மணியில் 60 சதவீதம். வாரத்துக்குப் பிரித்தால் பதினெட்டரை மணி. 'வாரத்துக்கு இருபதுதானா!' என்று பிரிட்டனைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் விடுமுறை என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் கோடைக்காலம் விடுமுறை அல்ல, ஆய்வேடு எழுதும் காலம். 20 மணி நேர வரம்பு அப்போதும் தொடரும். இளநிலை நண்பன் கோடையில் முழுநேரம் வேலை பார்ப்பதைக் கண்டு தானும் சேர்ந்துகொள்ளும் முதுநிலை மாணவர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதை தனி. இளநிலை மாணவர்கள் பாடக்காலத்தில் சம்பள வேலைக்குப் போவதையே அவை விரும்புவதில்லை. பாடக்காலம் எட்டு எட்டு வாரமாகச் சுருங்கியிருப்பதால் அவற்றால் அப்படிச் சொல்ல முடிகிறது.

அமெரிக்காவில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எஃப்-1 மாணவருக்கு வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி என்பது குடியேற்ற விதி. உள்நாட்டு மாணவருக்கு அந்த விதி கிடையாது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கும் 20, 25, 28, 29 என்று ஏதாவது ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. 'படிப்பு பாதிக்கக் கூடாது' என்பது அறிவிப்பில் வரும் காரணம். அது உண்மைதான், பாதி உண்மை. 2010இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, சராசரியாக வாரம் 30 மணி நேரம் வேலை பார்ப்பவர் முழுநேர ஊழியர். பெரிய நிறுவனம் அவருக்குக் காப்பீடு அளிக்க முன்வர வேண்டும், இல்லாவிட்டால் அபராதத்துக்கு ஆளாக நேரிடலாம். 28, 29 என்ற எண்களில் மாணவரின் நலனைவிடப் பல்கலைக்கழகத்தின் பணப்பெட்டிதான் எனக்கு அதிகம் தெரிகிறது. அதைத் தவறென்று சொல்லவில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால் மாணவர்களும் புரிந்துகொள்வார்கள்.

எல்லோருக்கும் ஒரே 20 என்று வைப்பதா, உள்நாட்டவருக்கு வேறு வரம்பு வைப்பதா? ஒரே வரம்பு நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் வளாகத்தில் 20 மணியோடு கதவடைக்கப்பட்ட உள்நாட்டு மாணவர் மீதிச் சம்பளத்தைத் தேடி வெளியே போவார். வெளி முதலாளிக்குத் தேர்வு அட்டவணை தெரியாது. படிப்பைக் காக்க வந்த விதி படிப்பைப் பற்றிக் கவலைப்படாத இடத்துக்கே அவரை அனுப்பிவிடுகிறது. அதனால் இரண்டு வரம்பு வைப்பதே மேல் என்பேன்.

இப்போது ஆஸ்திரேலியா. பெருந்தொற்றுக் காலத்தில் தளர்த்திய வரம்பை 2023 ஜூலை 1 முதல் மீண்டும் கொண்டுவந்தபோது இரு வாரத்துக்கு 40 என்றிருந்ததை 48 ஆக்கினார்கள். நம் நூலக மாணவிக்கு 10+30, 30+12, 12+28 எல்லாமே 48க்குள் அடங்கிவிடுகின்றன. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையிலிருந்தும் ஒரு புதிய 14 நாள் கணக்கு தொடங்குகிறது. எனவே ஒரே வாரம் இரண்டு கணக்குகளில் வரும். 12, 34, 16 என்று வேலை பார்த்தால் முதல் இணை 46, தப்பித்தோம். இரண்டாவது இணை 50, மாட்டிக்கொண்டோம். சம்பளம் வரும் இரு வாரத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். இருந்தாலும் தேர்வு வாரத்தில் மூச்சுவிட இடம் கொடுத்து, அதற்கு ஈடாக அடுத்த வாரம் சம்பாதிக்க விடும் விதி இது. எனக்கு இதுவே பிடித்தது.

ஆண்டுக் கணக்கு சுதந்திரம் தருவது போலத் தெரியும். பணமுடை வந்தால் செமஸ்டர் நடுவிலேயே மணிகளைக் கொட்டித் தீர்த்துவிட்டு மீதி ஆண்டைக் கையைப் பிசைந்துகொண்டு கழிக்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது. ஜெர்மனி மணிக்குப் பதில் நாளை எண்ணுகிறது: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நான்கு மணி நேரம் வரை அரை நாள், அதைத் தாண்டினால் முழு நாள். 80 மணியை எட்டு மணி நேரமாகப் பிரித்தால் 10 நாள். நான்கு நான்காகப் பிரித்தாலும் 20 அரை நாள், அதே 10. ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 16 நாள் பறிபோகும்! விடுமுறைக்கு வெளியே வாரம் 20 மணி வரை பார்ப்பதை இரண்டரை நாளாக எண்ணும் மாற்றுவழியும் இப்போது உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் மாணவ உதவியாளராக இருந்தாலோ இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

எந்தக் கணக்கை எடுத்தாலும், வேலைக்கு ஒரு வரம்பா, ஆளுக்கு ஒரு வரம்பா என்பதைத் தெளிவாக்காவிட்டால் பயனில்லை. உணவகத்தில் 12, ஆய்வகத்தில் 12 என்று ஒருவர் வேலை பார்க்கிறார். இரண்டு மேற்பார்வையாளர்களும் தங்கள் ஏட்டைப் பார்த்து 'வரம்புக்குள்தான்' என்று கையெழுத்திடுகிறார்கள். குடியேற்ற விதி இரண்டையும் கூட்டி 24 என்று படிக்கும். பிரிட்டனில் விசா அனுமதிக்காத வேலை கொடுத்த முதலாளிக்கு 2024 பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். திரும்பவும் நடந்தால் 60,000. மாணவருக்கோ விசாவே போகலாம். எல்லாத் துறைகளின் மணிகளையும் ஒரே திரையில் கூட்டிக் காட்டும் சம்பளப் பிரிவு இல்லாத இடத்தில், இந்தக் கூட்டலை மாணவர்தான் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் 'அரை நேர' ஆய்வு உதவியாளராக நியமிக்கப்பட்ட எஃப்-1 முனைவர் பட்ட மாணவருக்கு ஏட்டில் 20 மணி முடிந்துவிட்டது. நூலகத்தில் ஒரு மணி நேரம்கூடச் சேர்க்க முடியாது. ஆனால் அதே ஆய்வகத்தில் நள்ளிரவு வரை தன் ஆய்வேட்டுக்காக அவர் செய்யும் சோதனைகள் படிப்பில் சேரும், வேலையில் சேராது.