ஏறும்போது காலி, இறங்கும்போது கேரட்: பிஎஸ்-6 பிக்கப்புடன் மலையில் நாலு வருடம்

கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறவன் நான். சொந்த விளைச்சலோடு அக்கம்பக்கத்துத் தோட்டத்து மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு குன்னூர், பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரத்தில் நாலைந்து தடவை இறங்குவேன். 2021 இல் வாங்கிய பிஎஸ்-6 டீசல் பிக்கப் இப்போது 1,10,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வகுத்த வரம்பு; எண் கூடக் கூட வரம்பு கடுமை. பழைய பிஎஸ்-3 வண்டியையும் விற்கவில்லை. இரண்டையும் ஒரே ரோட்டில், ஒரே லோடோடு ஓட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

பழைய வண்டியை எடுத்தது 2012 இல். சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ்-4 வந்துவிட்டது. நீலகிரியில் நாங்கள் இன்னும் பிஎஸ்-3 தான் வாங்கிக்கொண்டிருந்தோம். சென்னைக்கு ஒரு வண்டி, எங்களுக்கு ஒரு வண்டி. அந்த வித்தியாசம் 2017 ஏப்ரலில் முடிந்தது. பிறகு பிஎஸ்-5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்குக்கு இறங்கியது.

இழுவையில் ஏமாற்றம் இல்லை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்துவிடும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி காணாமல் போகும். டர்போ உள்ள புது வண்டிக்கு அந்தக் களைப்பு தெரியவே இல்லை. பழையது இரண்டாவது கியரில் முக்கி ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இது மூன்றாவதில் ஏறுகிறது. மைலேஜ் பழையதில் 11, இதில் 12 சொச்சம்.

புகையைப் பற்றி அழுத்தியே சொல்லவேண்டும். பழைய வண்டி லோடோடு ஏறும்போது பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பனிக்காலக் காலைகளில் அந்தக் கரும்புகை மேலே போகாமல் பள்ளத்தாக்கிலேயே படுத்துக் கிடக்கும். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் ரோடும் அதுதான். புது வண்டியின் சைலன்சர் வாயைத் துணியால் துடைத்தால் கரி ஒட்டுவதே இல்லை. எடை கூடிய சிறு சரக்கு டீசல் வண்டிகளுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பிஎஸ்-4 இல் கிலோமீட்டருக்கு 0.39 கிராமாக இருந்தது, பிஎஸ்-6 இல் 0.125 ஆகக் குறைந்திருக்கிறது. கரித்துகள் வரம்பு அதைவிடக் கடுமையாக, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

அந்தக் கரியைப் பிடித்து வைப்பது சைலன்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி. பிடித்ததை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகைக்குழாயில் 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். எங்கள் மலைப் பிழைப்பு இங்கேதான் இடிக்கிறது. சமவெளிக்காரர் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் போனால் வேலை முடிந்தது. நாங்கள் கேரட்டோடு இறங்குகிறோம், காலியாக ஏறுகிறோம். இறக்கத்தில் கியரில் பிடித்து, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் வரும்போது இன்ஜினுக்கு டீசலே போகாது, குழாய் குளிர்ந்துவிடும். ஏற்றத்தில் காலி வண்டி அவ்வளவு சூடாகாது. போதாததற்குத் தோட்டத்திலிருந்து கேரட் கழுவும் மெஷினுக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவோம்.

2022 ஜூலையில் அப்படித்தான் ஆனது. மழையில் மூன்று வாரம் மெஷினுக்கு மட்டுமே ஓட்டினேன். டிபிஎஃப் விளக்கு எரிந்தது, சென்சார் கோளாறு என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் மண்டியில் கேரட்டை இறக்கி, உர மூட்டையோடு திரும்பினேன். பர்லியாறு தாண்டியதும் வண்டி சக்தியை விட்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை. முதல் கியரிலேயே, பின்னால் பஸ் வரிசை கட்டி நிற்க, குன்னூர் வந்து சேர்ந்தேன். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி, நிறுத்தி வைத்தே கரியை எரித்து, பில்லைக் கொடுத்தார்கள். ஏன் வந்தது, எப்படி ஓட்டினால் வராது என்று யாரும் சொல்லவில்லை. வண்டி விற்ற அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டிய விஷயம் அது. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

நானாகக் கற்றுக்கொண்டவை இவை. கல்லாறிலிருந்து ஏறும்போது பெரிய கியருக்கு அவசரப்படாமல், இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேலேயே இருக்கும்படி வைத்துக்கொள்வேன். முடிந்தவரை காலியாக ஏறமாட்டேன். உரம், அரிசி, மாட்டுத் தீவனம் என்று ஏதாவது ஏற்றிக்கொண்டால் வாடகையும் கிடைக்கும், வடிகட்டியும் சூடாகும். நிறுத்தும் நேரத்தில் இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடி, ஃபேன் ஓடி, சூட்டு வாடை வந்தால் உள்ளே கரி எரிகிறது என்று அர்த்தம். அப்போது அணைக்கக்கூடாது. பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் கலந்துவிடும். என் வண்டியில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது ஆயில் மட்டம் குறையாமல் ஒரு விரல் ஏறியிருந்தது! அப்புறம், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அந்தக் குழாய்ச் சூடு ஒரு காட்டுத்தீக்குப் போதும்.

ஆயிலும் சாம்பல் குறைந்த வகைதான் ஊற்றவேண்டும், விலை அதிகம். புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், அதிலுள்ள கசடு மொத்த அமைப்பையும் கெடுத்துவிடும்.

"டிபிஎஃப்பைக் கட் பண்ணி விட்டுரட்டுமாண்ணா? ஒரே நாள் வேலை" என்று ஒரு மெக்கானிக் கேட்டார். மறுத்துவிட்டேன். அது சட்டப்படி தவறு. அதைவிட, புகை விடாத வண்டியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மறுபடி அதே புகையை மகள் நடக்கும் ரோட்டில் விட எனக்கு மனம் வரவில்லை. இப்போது கழுவும் மெஷினுக்குப் போகும் குட்டி நடைகளைப் பழைய வண்டி பார்த்துக்கொள்கிறது. அதற்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எஃப்சி என்ற தகுதிச் சான்று வருடா வருடம். எத்தனை வருடம் தாங்குமோ, அதற்கு மேல் அதை வைத்திருக்கப் போவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் குதிரைசக்திக்கு முன்னால் தினசரி ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். மலை இறங்கி ஏறும் வேலை வாரத்தில் மூன்று நாளாவது இருந்தால் பிஎஸ்-6 டீசலைத் தயங்காமல் எடுக்கலாம். விலை பழையதைவிடக் கூடுதல்தான், ஆனால் இழுவை அதற்கு ஈடு கொடுக்கிறது.

கோத்தகிரியில் இருக்கும் என் மச்சினன் போன மாதம் கேட்டான்: "மாமா, உங்க வண்டியையே நானும் எடுத்துரட்டுமா?" அவனுக்குப் பச்சைத் தேயிலையை மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் வேலை மட்டும்தான், ஒரு நாளைக்கு நாலு நடை. வேண்டாம் என்றேன். இந்த வடிகட்டித் தொல்லை இல்லாத பெட்ரோல் மினி டிரக்கை அவன் தோட்டத்துக்கே வரவழைத்து, இலை மூட்டையை ஏற்றி, ஃபேக்டரி மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். முதல் கியரில் நிதானமாக ஏறியது. அதையே புக் செய்துவிட்டான்.